பத்தாம் இடத்துக்காக ஒரு சீசன்: ஜெர்மன் ரெகியோனல்லீகா 2007–08

ஓரக்கோடு எழுதியது:

இங்கே எப்போதும் பெரிய கோப்பை, பெரிய கிளப் என்றுதான் பேச்சு. ஒரு மாற்றத்துக்கு, பத்தாம் இடத்துக்காக ஒரு லீக்கே முட்டி மோதிய கதையைப் பேசுவோமா? ஜெர்மனியின் மூன்றாம் அடுக்கு, 2007–08, வடக்குப் பிரிவு.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. அப்போது அங்கே மூன்றாம் அடுக்கு என்றால் ரெகியோனல்லீகா. 1994-ல் நாலு பிரிவுகளோடு ஆரம்பித்தார்கள். 2000-ல் வடக்கு, தெற்கு என்று இரண்டாகச் சுருக்கினார்கள். 2006 செப்டம்பரில் ஜெர்மன் கால்பந்து சங்கம் கூடி, 2008 முதல் நாடு முழுக்க ஒரே மூன்றாம் லீக் என்று முடிவெடுத்தது. ஆக, 2007–08 பழைய முறையின் கடைசி வருஷம்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் இரண்டாம் பண்டஸ்லீகாவுக்கு, அதாவது இரண்டாம் அடுக்குக்கு, ஏறும். மூன்று முதல் பத்து வரை வந்தவர்களுக்குப் புதிய லீக்கில் இடம். அப்படி எட்டும் எட்டும் பதினாறு, மேலேயிருந்து இறங்கி வந்த ஆஃபன்பாக், அவுவே, பாடர்போர்ன், யேனா நாலு கிளப்புகளையும் சேர்த்து இருபது. பதினொன்றாவதாக வந்தவன்? அவன் ரெகியோனல்லீகாவிலேயே இருப்பான். ஆனால் ரெகியோனல்லீகா நாலாம் அடுக்காகிவிடும். நீங்கள் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறீர்கள், வீட்டுக்காரர் உங்களுக்கு மேலே புதிதாக ஒரு தளத்தைச் செருகிவிட்டு, "நீங்க காலி பண்ண வேண்டாம், அப்படியே இருங்க" என்கிறார். அந்த மாதிரி.

அதனால் வழக்கமாக யாரும் திரும்பிப் பார்க்காத பத்தாம் இடம் அந்த வருஷம் தங்கமானது. அதற்கு அடித்துக்கொண்டவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. 1967-ல் ஜெர்மன் சாம்பியனான பிரவுன்ஷ்வைக். 1955 சாம்பியன் எஸ்ஸன். 1974-ல் ரோட்டர்டாமில் ஏசி மிலானை 2–0 என்று வீழ்த்தி ஐரோப்பாவின் "கப் வின்னர்ஸ் கப்" கோப்பையைத் தூக்கிய மாக்டெபுர்க். கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஐரோப்பியக் கோப்பை வாங்கிய ஒரே கிளப் அது.

2008 மே 31, சனிக்கிழமை, கடைசி நாள். பிரவுன்ஷ்வைக் தன் மண்ணில் டோர்ட்முண்டின் இரண்டாம் அணியை (பெரிய கிளப்பின் இளம் ஆட்டக்காரர்கள் பழகும் அணி) 2–0 என்று வென்றது. எஸ்ஸன் தன் மண்ணில் லூபெக்கிடம் 0–1 தோற்றது. பத்தாம் இடம் பிரவுன்ஷ்வைக்குக்கு. மாக்டெபுர்க் பதினொன்று. எஸ்ஸனும் வெளியே.

என் கட்சி என்னவென்றால், கொடுமையாக இருந்தாலும் அந்தச் சீரமைப்பு தேவைதான். இரண்டு பிரிவாக வைத்துக்கொண்டு, யாருக்கும் நாடளவில் பெயரும் இல்லாமல், டிவியிலும் வராமல் இருந்த ஒரு அடுக்கு அதனால்தான் உயிர் பெற்றது. மாற்றுக்கருத்து இருந்தால் வாருங்கள்.

---

புதுமுகம்_சுதா எழுதியது:

ஒரு சின்ன சந்தேகம். அட்டவணையைத் தேடிப் பார்த்தேன், தலை சுற்றிவிட்டது. சாம்பியன் "சிவப்பு-வெள்ளை". இரண்டாம் இடமும் "சிவப்பு-வெள்ளை". நடுவில் ஒரு "சிவப்பு-வெள்ளை", கீழே இன்னொரு "சிவப்பு-வெள்ளை". எல்லாம் ஒரே கிளப்பா?

---

ஓரக்கோடு எழுதியது:

சிரித்துவிட்டேன் சுதா, ஆனால் நியாயமான கேள்வி. ரோட்-வைஸ் என்றால் சிவப்பு-வெள்ளை. ஆலன், ஓபர்ஹவுசன், எர்ஃபுர்ட், எஸ்ஸன் என்று நாலு ஊர்க் கிளப்புகளுக்கு அந்தப் பெயர், நாலும் அந்த வருஷம் ஒரே பிரிவில். ஆலன் முதலிடம், ஓபர்ஹவுசன் இரண்டாமிடம், இரண்டும் மேலே போயின. எர்ஃபுர்ட் புதிய மூன்றாம் லீக்குக்குப் போனது. நாலில் எஸ்ஸனுக்கு மட்டும்தான் கதவு சாத்தப்பட்டது.

இன்னொரு குழப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே சீசனில் தெற்குப் பிரிவில் இன்னொரு ஆலன் இருந்தது. ஜெர்மனில் எழுத்து வேறு, ஊரும் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். வடக்கு ஆலன் வெஸ்ட்ஃபாலியாவில் நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஊர், சுரங்கத்தை 2000-ல் மூடிவிட்டார்கள். தெற்கு ஆலன் ஸ்டுட்கார்ட் பக்கம். அதுவும் அந்த வருஷம் புதிய லீக்குக்குத் தேறிவிட்டது.

---

துறைமுகத்தெரு எழுதியது:

நான் வழக்கமாக வாசிச்சுப்போட்டுப் போற ஆள். இந்த இழையில் மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த மே 31 பின்னேரம் நான் அங்கே நின்றனான்.

எஸ்ஸனில் இருக்கிறேன், வந்து கன காலம். கிளப்பின் மைதானம் ஹாஃபன்ஸ்ட்ராஸவில். துறைமுகத் தெரு என்று அர்த்தம், என் பெயரும் அதுதான். பழைய கியோர்க் மெல்ஹெஸ் மைதானத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுக்கு மூன்று பக்கம்தான். மேற்குப் பக்க நிலைமேடையைப் பாதுகாப்பில்லை என்று 1994-ல் இடிச்சவர்கள், திருப்பிக் கட்டவேயில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் வெறும் வெளி. மழை நாளில் காத்து நேராக முகத்தில் அடிக்கும். 1954 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் வெற்றிக் கோல் அடிச்ச ஹெல்முட் ரான் விளையாடின கிளப்புக்கு, ஒரு பக்கம் இல்லாத மைதானம். அதைப் பற்றி எங்கட ஆட்கள் தாங்களே பகிடி விடுவினம், வெளியாள் விட்டால் சண்டைக்கு வருவினம்.

ஓரக்கோடு ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். எஸ்ஸனும் பிரவுன்ஷ்வைக்கும் முந்தின வருஷம், 2007-ல், சேர்ந்தே இரண்டாம் பண்டஸ்லீகாவில் இருந்து விழுந்தவை. ஒரு வருஷத்தில் திரும்பி ஏறலாம் என்ற எண்ணத்தோடுதான் இரண்டு பேரும் தொடங்கினது. மாரிகாலம் முடியேக்க ஏறுறது பற்றின கதை நின்றுபோச்சு. பங்குனி, சித்திரையில் எல்லோர் வாயிலும் ஒரே சொல்: பத்து.

கடைசி நாள் வந்த லூபெக்குக்கு முதல் பத்துக்குள் வர வழியே இல்லை. விளையாட ஒன்றும் இல்லாத அணி. அதுதான் ஆபத்து என்று எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவர் முதலே சொன்னவர். அவர் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஒரு சின்ன றேடியோவைக் காதோடு பிடிச்சுக்கொண்டு நின்றவர். பிரவுன்ஷ்வைக்கில் கோல் விழுந்ததை அவர் வாயைத் திறந்து சொல்லேல்லை. றேடியோவைக் காதில் இருந்து எடுத்து ஜக்கெட் பொக்கெற்றுக்குள் போட்டார், அவ்வளவுதான். எனக்கு விளங்கிவிட்டது.

லூபெக் கோல் விழுந்த பிறகு மைதானம் கத்தினது. கத்தினது என்றால் பாட்டு இல்லை, வெறும் சத்தம். முடிஞ்ச பிறகு அந்தச் சத்தமும் இல்லை. ஆட்கள் வெளியே போகேல்லை, அப்படியே படிகளில் இருந்துவிட்டினம். கையில் பியர் கப் காலியாக இருக்குது, ஒருத்தரும் எறியவும் இல்லை. நான் திரும்பி அந்த இல்லாத மேற்குப் பக்கத்தைப் பார்த்தேன். அங்கால தெருவில் ஒரு பஸ் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தது.

சீரமைப்பு சரியா பிழையா என்று கேட்டால், சரிதான். நாங்கள் சொந்த வீட்டில் தோற்றதுக்குச் சங்கம் என்ன செய்யும்? ஆனால் "தேவைதான்" என்று ஒரு சொல்லில் முடிக்கிறவர்கள், அதுக்கு யார் விலை கொடுத்தது என்றும் பார்க்க வேணும். 2010-ல் கிளப் திவால். ஐந்தாம் அடுக்குக்குப் போனோம். பக்கத்து ஊர் பெரிய கிளப்புகள் ஐரோப்பாவில் விளையாடேக்க நாங்கள் பெயர் தெரியாத ஊர்களின் புல்லுத் தரைகளில் விளையாடினோம். மூன்றாம் லீக்கைக் கண்ணால் காண 2022 வரை காத்திருந்தோம். பதினான்கு வருஷம்.

---

லைப்சிக்_லோகு எழுதியது:

அண்ணா, வணக்கம். அந்த றேடியோ தாத்தாவை மறக்க முடியாது.

நான் லைப்சிக்கில் படிக்கிற மாணவன், இங்கே வந்தபிறகுதான் இந்தக் கீழ் அடுக்குப் பைத்தியம் பிடித்தது. ஆலனைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்லிவிடுகிறேன். சாம்பியனான அந்தக் கிளப்புக்கு 2006 வரை எல்ஆர் ஆலன் என்று பெயர். எல்ஆர் என்பது பணம் போட்ட அழகுசாதனக் கம்பெனியின் பெயர். கிளப் பெயரில் கம்பெனி பெயர் வரக்கூடாது என்று விதி இருக்கிறதே? அதனால் "தடகளம் – புல்தரை விளையாட்டு" என்று பொருள் வரும் இரண்டு ஜெர்மன் சொற்களின் முதலெழுத்து என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் 2009-ல் வந்த பானக் கம்பெனிக் கிளப் (ரெட் புல்லின் ஆர்பி லைப்சிக்) "புல்தரைப் பந்து விளையாட்டு" என்று பெயர் வைத்தபோது எல்லோரும் புது தந்திரம் என்று வியந்தார்களே, அதற்கு இதுதான் மூத்த அண்ணன்.

---

தெற்குவாசல் எழுதியது:

ஆலனைப் பற்றிப் பேசுகிறோம், முக்கியமான பெயரை யாரும் சொல்லவில்லையே! பிற்பாடு ஜெர்மன் தேசிய அணிக்கே ஆடிய மார்கோ ராய்ஸ் அந்த அணியில் ஆடினார் ஐயா. டோர்ட்முண்ட் இளையோர் அணியில் இருந்து வந்த பையன், அந்த சீசனில்தான் முதல் அணிக்குள் வந்தான். பிறந்த நாள் 1989 மே 31. அதாவது துறைமுகத்தெரு அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அதே நாளில் இந்தப் பையனுக்குப் பத்தொன்பது நிறைந்தது. பயிற்சியாளர் கிறிஸ்டியான் வூக், பிற்பாடு 2023-ல் ஜெர்மனியின் 17 வயதுக்குட்பட்டோர் அணியை உலகச் சாம்பியனாக்கியவர்.

நான் பயர்ன் மியூனிக் ரசிகன், அதனால் தெற்குப் பிரிவைப் பற்றியும் கொஞ்சம். சாம்பியன் எஃப்எஸ்வி ஃபிராங்க்ஃபுர்ட், ஐன்ட்ராக்ட் இல்லை, அதே ஊரின் சின்னக் கிளப். முந்தின வருஷம் நாலாம் அடுக்கில் இருந்தவர்கள், இரண்டே வருஷத்தில் இரண்டு படி. வடக்கில் ஓபர்ஹவுசனும் அதே சாதனைதான். தெற்கில் இரண்டாமிடம் இங்கோல்ஷ்டாட், 2004-ல் இரண்டு கிளப்புகளைச் சேர்த்து உருவாக்கியது. பத்தாம் இடம் ஸ்டுட்கார்டர் கிக்கர்ஸுக்கு. ஆனால் அடுத்த வருஷமே அவர்கள் கீழே விழுந்துவிட்டார்கள்.

பயர்னின் இரண்டாம் அணிக்கு அப்போது ஹெர்மன் கெர்லாண்ட் பயிற்சியாளர். 2008 மார்ச்சில் உன்டர்ஹாஹிங்குக்கு எதிராக மாற்று ஆட்டக்காரனாக ஒரு ஒல்லிப் பையனை இறக்கினார். முதல் ஆட்டத்திலேயே கோல். தாமஸ் முல்லர். இரண்டே வருஷத்தில், 2010 உலகக் கோப்பையில் தங்கக் காலணி. மூன்றாம் அடுக்கு இல்லாவிட்டால் இந்த மாதிரிப் பையன்கள் எங்கே பழகுவார்கள்?

---

மூன்றாம்_பாதி எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன். பெரிய கிளப் ரசிகர்கள் எப்போதும் இப்படித்தான் பேசுவார்கள்.

ப்ரெமன் இரண்டாம் அணி, ஹாம்புர்க் இரண்டாம் அணி, வோல்ஃப்ஸ்புர்க் இரண்டாம் அணி, டோர்ட்முண்ட் இரண்டாம் அணி, கோட்புஸ் இரண்டாம் அணி. வடக்குப் பிரிவில் இத்தனை. இதில் எதற்காவது ரசிகர் பேருந்து உண்டா? எதிரணி ஆதரவாளர் பகுதியில் பத்துப் பேர் நிற்பார்கள், அதில் பாதி ஆட்டக்காரர்களின் அப்பா அம்மா. இந்த அணிகளால் இரண்டாம் பண்டஸ்லீகாவுக்கு ஏறவும் முடியாது, விதி அப்படி. ஏற முடியாதவன் எதற்கு ஏறத் துடிப்பவனின் வழியில் நிற்கிறான்? பத்தாம் இடத்துக்குச் சண்டை நடந்த வருஷத்தில் ப்ரெமன் இரண்டாம் அணி ஒரு இடத்தை எடுத்துக்கொண்டது. தெற்கில் பயர்ன் ஒன்று, ஸ்டுட்கார்ட் ஒன்று. முதல் மூன்றாம் லீக்கில் மூன்று இடம் காலி இல்லாமல் போனது இவர்களால்தான். மாக்டெபுர்க் பதினொன்று என்பதை மறக்க வேண்டாம்.

கடைசி நாள் பிரவுன்ஷ்வைக்குக்கு எதிராக வந்தது யார்? டோர்ட்முண்ட் இரண்டாம் அணி. அவர்களுக்கு அந்த முடிவில் என்ன இருந்தது? நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை, அவர்கள் ஒழுங்காகத்தான் ஆடியிருப்பார்கள். லூபெக்கும் இழக்க ஒன்றுமில்லாமல் வந்துதான் எஸ்ஸனை வென்றது என்று நீங்கள் சொல்வீர்கள். சரி. ஆனாலும் அட்டவணையில் இப்படி ஓட்டை இருக்கக்கூடாது என்பதுதான் என் வாதம்.

---

தெற்குவாசல் எழுதியது:

முல்லரும் பாட்ஷ்டூபரும் ஹும்மல்ஸும் அந்த ஓட்டை வழியாகத்தான் வந்தார்கள். 2014-ல் உலகக் கோப்பையைத் தூக்கும்போது யாரும் ஓட்டையைப் பற்றிப் பேசவில்லை.

---

மூன்றாம்_பாதி எழுதியது:

பாட்ஷ்டூபர் 2014-ல் காயத்தில் இருந்தார். அணியிலேயே இல்லை.

---

தெற்குவாசல் எழுதியது:

சரி சரி, அவரை விடுங்கள். மற்ற இரண்டும் நிற்கும்.

---

நெறியாளர் எழுதியது:

நண்பர்களே, இரண்டாம் அணிகள் பற்றி ஏற்கெனவே ஒரு தனி இழை இருக்கிறது, நாற்பது பக்கம் ஓடியிருக்கிறது. இங்கே 2007–08-ஐ விட்டு ரொம்ப விலக வேண்டாம்.

---

ஓரக்கோடு எழுதியது:

சீசனுக்கே திரும்புகிறேன். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி பிரவுன்ஷ்வைக்தான், எஸ்ஸன் அண்ணன் மன்னிக்க வேண்டும்.

மே மாதத்தில், மூன்று ஆட்டம் மட்டும் மீதி இருக்கும்போது, பயிற்சியாளர் பென்னோ மோல்மன் விலகினார். கிளப்பில் இளையோர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த டோர்ஸ்டன் லீபர்க்னெஷ்டைக் கூப்பிட்டுக் கையில் சாவியைக் கொடுத்தார்கள். முன்பு அதே கிளப்பில் ஆடியவர், பெரிய அணியைப் பயிற்றுவித்த அனுபவம் கிடையாது. அவரோடு கடைசி நாளில் பத்தாம் இடம். வேறு கிளப் என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிட்டுப் பெரிய பெயராகத் தேடியிருக்கும். இவர்கள் அவரையே வைத்துக்கொண்டார்கள். 2011-ல் மூன்றாம் லீக்கை வென்று இரண்டாம் பண்டஸ்லீகா. 2013-ல் பண்டஸ்லீகா, இருபத்தெட்டு வருஷம் கழித்து. பத்தாம் இடத்தில் தொற்றிக்கொண்டவர் ஐந்து வருஷத்தில் பயர்னோடு ஆடினார்.

இப்போது எண்ணிப் பாருங்கள். அன்று எஸ்ஸன் ஜெயித்துப் பத்தாவதாக வந்திருந்தால், பிரவுன்ஷ்வைக்கின் அந்த ஐந்து வருஷம் நடந்திருக்குமா? இரண்டு ஊர்களின் பத்து வருஷ வாழ்க்கையை ஒரு பின்னேரத்தின் தொண்ணூறு நிமிஷம் பிரித்துப்போட்டது. பண்டஸ்லீகா பட்டத்தில்கூட இவ்வளவு பந்தயம் கிடையாது. அங்கே இரண்டாவதாக வந்தவன் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போகிறான்.

நாலாவதாக வந்த யூனியன் பெர்லினையும் பாருங்கள். 2004-ல் லைசன்ஸுக்குப் பணம் சேர்க்க ரசிகர்கள் ரத்தம் கொடுத்த கிளப். 2008-ல் புதிய லீக்குக்குள் நுழைந்த கையோடு மைதானத்தைப் புதுப்பிக்கப் பணம் போதவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் தாங்களே செங்கல் தூக்கி, சிமென்ட் கலந்து கட்டினார்கள். 2009-ல் மூன்றாம் லீக்கின் முதல் சாம்பியன் அவர்கள்தான். 2019-ல் பண்டஸ்லீகா, 2023-ல் சாம்பியன்ஸ் லீக். இதெல்லாம் பழைய ரெகியோனல்லீகாவில் இருந்திருந்தால் நடந்திருக்காது என்பது என் துணிபு.

---

மூன்றாம்_பாதி எழுதியது:

நல்ல பக்கத்தை மட்டும் எண்ணுகிறீர்கள். எம்டனை எண்ணுங்கள். வடகடல் ஓரம், கார் தொழிற்சாலையும் துறைமுகமும் உள்ள சின்ன ஊர். கிக்கர்ஸ் எம்டன் அந்த 2007–08-ல் எஸ்ஸனையும் மாக்டெபுர்க்கையும் தாண்டி முதல் பத்துக்குள் வந்தது. முதல் மூன்றாம் லீக்கில் ஆறாம் இடம் பிடித்தது. பிறகு? 2009-ல் பணம் இல்லை என்று தாங்களாகவே லீக்கை விட்டு விலகி ஐந்தாம் அடுக்குக்குப் போனார்கள். நாடு முழுக்கப் பயணம், மைதானத் தகுதி, சம்பளம் எல்லாம் சேர்ந்து சின்ன ஊரை நசுக்கிவிட்டது. நீங்கள் கட்டிய புதிய தளத்தின் வாடகை இது.

---

துறைமுகத்தெரு எழுதியது:

மூன்றாம் பாதி சொல்றதில் நியாயம் இருக்கு. எம்டன் விலகினது கேட்டபோது எங்கட மேசையில் ஒருத்தர் சொன்னவர்: "அந்த இடத்தை எங்களுக்குத் தந்திருக்கலாமே." பிறகு ஒரு வருஷத்தில் நாங்களே திவாலானோம். அதனால் நான் இனி ஒருத்தரைப் பற்றியும் ஒன்றும் சொல்றதில்லை.

---

லைப்சிக்_லோகு எழுதியது:

எல்லோரும் 2008-ஐ அநியாயம் என்கிறீர்கள். நான் இன்னொரு பக்கம் சொல்கிறேன். 2008-ல் குறைந்தபட்சம் முதலிடம் வந்தவன் மேலே போனான். இன்றைக்கு அதுகூட நிச்சயம் இல்லை.

2012-ல் ரெகியோனல்லீகாவை ஐந்து பிரிவாக உடைத்தார்கள். மூன்றாம் லீக்கில் இருந்து கீழே வருவது நாலு அணி, மேலே போவதும் நாலு. சாம்பியன்கள் ஐந்து பேர். மேற்கு, தென்மேற்குப் பிரிவுகளுக்கு நேரடி இடம். வடக்கு, வடகிழக்கு, பவேரியா மூன்றும் சுழற்சி முறையில்: ஒரு சாம்பியன் நேரே போவான், மற்ற இரண்டு சாம்பியன்கள் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும். வருஷம் முழுக்க ஆடிச் சாம்பியனாகி, இரண்டு ஆட்டத்தில் எல்லாம் போய்விடும். கோட்புஸ் 2023-ல் வடகிழக்குச் சாம்பியன், உன்டர்ஹாஹிங்கிடம் போனது. எங்கள் லோக்கோமோட்டிவ் லைப்சிக் 2020-ல் சாம்பியன், ஃபெர்லோடு இரண்டு ஆட்டமும் டிரா, வெளியூரில் யார் அதிகக் கோல் அடித்தார்கள் என்ற கணக்கில் போனது. 2025-ல் மறுபடி சாம்பியன், ஹாவல்சேயிடம் போனது.

2025-ல் நான் இருந்தேன். புரூனோ பிளாஹெ மைதானம், பழைய மரத்தாலான மேடை. மிதித்தால் முனகும். 1903-ல் முதல் ஜெர்மன் சாம்பியன் பட்டம் வாங்கிய கிளப்பின் வாரிசு நாங்கள் என்று அங்கே சுவரெல்லாம் எழுதியிருக்கும். 2004-ல் திவாலாகி பதினோராவது அடுக்கில் இருந்து திரும்ப ஆரம்பித்தவர்கள். பதினோராவது அடுக்கு ஆட்டம் ஒன்றுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். அப்படி ஏறி வந்து, மூன்றாம் லீக் கதவில் இரண்டு தடவை சாம்பியனாகவே திருப்பி அனுப்பப்பட்டார்கள். தோற்றபிறகு மர மேடையில் என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அப்பாவிடம் கேட்டாள்: "நாம்தானே முதலிடம்?" அவர் ஆமாம் என்றார். அப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

சாம்பியன் ஏறியே ஆக வேண்டும் என்று கிழக்கில் கிளப்புகள் ஒன்றுசேர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது இதனால்தான்.

---

ஓரக்கோடு எழுதியது:

லோகு, உங்கள் வாதத்தை ஏற்கிறேன், ஆனால் இது புதிய நோய் இல்லை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் வடக்குச் சாம்பியனும் வடகிழக்குச் சாம்பியனும் ஒரே இடத்துக்கு மோதினார்கள். 1997-ல் கோட்புஸ் மூன்றாம் அடுக்கில் இருந்துகொண்டே ஜெர்மன் கோப்பை இறுதியாட்டம் வரை போனது. அரையிறுதியில் பனி கொட்டக் கொட்ட கார்ல்ஸ்ரூஹ அணியை 3–0 என்று நொறுக்கியது. இறுதியில் ஸ்டுட்கார்டிடம் 0–2. அப்படிப்பட்ட அணியும் ஹனோவரோடு மோதித்தான் இரண்டாம் பண்டஸ்லீகாவுக்குப் போக வேண்டியிருந்தது. முதல் ஆட்டம் 0–0. கோட்புஸில் இரண்டாம் ஆட்டம் 1–1, அப்படியே முடிந்தால் அதே வெளியூர் கோல் கணக்கில் ஹனோவர் ஏறிவிடும். அப்போது மைதானத்தின் விளக்குகள் அணைந்துவிட்டன. மறுபடி எரிந்தபிறகு கோட்புஸ் இரண்டு கோல் அடித்து 3–1. அந்த மின்வெட்டு தற்செயலா என்று ஹனோவர்காரர்கள் இன்னும் சந்தேகப்படுகிறார்கள்.

---

துறைமுகத்தெரு எழுதியது:

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லேக்க விளக்கை மட்டும் சொல்லக்கூடாது. ஹனோவருக்கு அப்போது ஜெரால்ட் அசமோவா, ஒட்டோ ஆடோ இரண்டு பொடியள் விளையாடினவை, இரண்டு பேரும் கானா வழி. கோட்புஸில் அவர்களுக்கு நடந்த இனவெறிக் கூச்சல் பற்றி அசமோவா பிறகு வெளிப்படையாகக் கதைச்சவர். 2001-ல் அவர் ஜேர்மனித் தேசிய அணிக்கு விளையாடினார். கீழ் அடுக்கு என்றால் எல்லாம் றேடியோக் கிழவர், மர மேடை என்று இனிமையாக நினைக்கிறவர்கள் அதையும் நினைவில் வைக்க வேணும். தொண்ணூறுகளில் சில ஊர் வெளியூர் ஆட்டங்களுக்கு நான் போனதில்லை. ஏன் என்று விளங்கும்தானே.

---

லைப்சிக்_லோகு எழுதியது:

விளங்கும் அண்ணா. இப்போதும் சில ஊர்களுக்கு ரயிலில் தனியாகப் போவதற்கு யோசிப்பேன். எங்கள் மர மேடையில் என்னை எல்லோருக்கும் தெரியும், அங்கே பயமில்லை.

---

புதுமுகம்_சுதா எழுதியது:

2022-ல் எஸ்ஸன் எப்படி ஏறியது? யாரும் சொல்லவில்லையே.

---

துறைமுகத்தெரு எழுதியது:

அதுவும் லேசாக இல்லை பிள்ளை. பெப்ரவரியில் முன்ஸ்டரோடு எங்கட மைதானத்தில் ஆட்டம். எங்கட பக்கம் இருந்து ஒரு முட்டாள் வெடியைக் கொளுத்தி எறிஞ்சான், வோர்ம்-அப் செய்த முன்ஸ்டர் ஆட்டக்காரருக்குக் காயம், ஆட்டத்தை நிப்பாட்டினார்கள். புள்ளி முன்ஸ்டருக்கு. அதே முன்ஸ்டரோடுதான் முதலிடத்துக்குப் போட்டி. அந்த ஒரு வெடியில் இன்னொரு பதினான்கு வருஷம் போச்சு என்று நினைச்சேன்.

கடைசி நாள் மே 14. எதிரணி யார் தெரியுமா? ஆலன். 2008-ல் நாங்கள் அழேக்க சாம்பியனாகிக் கொண்டாடின அதே சிவப்பு-வெள்ளை. அவர்களும் இடையில் கீழே விழுந்து எங்களோடு நாலாம் அடுக்கில் கிடந்தவர்கள். 2–0 வென்றோம். முன்ஸ்டரும் நாங்களும் 87 புள்ளி, கோல் வித்தியாசத்தில் நாங்கள் மேலே. முடிஞ்ச உடனே எல்லோரும் புல்லுக்குள்ளே இறங்கினார்கள், நானும்தான், இந்த வயதில். ஒருத்தன் கோல் வலையை அறுத்துக்கொண்டிருந்தான், எனக்கும் ஒரு துண்டு தந்தான்.

அந்தக் கிழவரை நான் தேடினேன். காணேல்லை. பழைய மைதானம் 2012-ல் போன பிறகு அவரைப் பார்க்கவேயில்லை, பெயரும் ஒருநாளும் கேட்டதில்லை.

---

லைப்சிக்_லோகு எழுதியது:

அண்ணா, அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறேன். ஹாஃபன்ஸ்ட்ராஸவில் ஒரு ஆட்டம் பார்க்க டிக்கெட் கிடைக்குமா? நிற்கிற இடம் போதும்.

---

துறைமுகத்தெரு எழுதியது:

நிற்கிற இடம்தான் முதலில் முடியும். திகதியைத் தனிமடலில் அனுப்பு, கேட்டுப் பார்க்கிறன். எந்த அணி விளையாடுது என்று பார்த்துப்போட்டு வா, பக்கத்து ஊர் அணி என்றால் ஸ்டேஷனில் இருந்தே பொலிஸ் நிற்கும். ஜக்கெட் கொண்டு வா. இப்போது நாலு பக்கமும் மேடை இருக்கு, ஆனாலும் காத்து எங்கேயோ வழி கண்டுபிடிச்சு வருது. லோக்கோமோட்டிவ் சால்வை மட்டும் பையுக்குள்ளே இருக்கட்டும்.